ஒரே பேர், ஒரே வீட்டு எண்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணல், எழுதுகிற முறையும் கோணல். சில விஷயம் முன்னே நடந்ததா பின்னே நடந்ததா என்பதும் மறந்துபோகிறது. என் ஓரகத்தியின் மகள், "நீங்க பேசற மாதிரியே எழுதுங்க பெரியம்மா, போதும்" என்று நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். பேச்சும் எனக்கு அவ்வளவாக வராது என்பது அவளுக்குத் தெரியும். ஆட்களின் பேரை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே யார் பேரும் இதில் இராது.

ஆனால் இந்தக் கதையே பேரில்தான் தொடங்குகிறது. எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே பேர். பிறந்த ஊர் வேறு வேறுதான், இரண்டு ஊரிலும் அம்மன் ஒன்று. நான் மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாலு வருஷம் கழித்து இளையவருக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பேரைக் கேட்டதும் என் மாமியார், "வீட்டுல ஒண்ணு இருக்கே, இன்னொண்ணா?" என்றார்களாம். பெண் பிடித்துப்போனதால் பேரைப் பொறுத்துக்கொண்டார்கள். அவள் வந்த அன்றே நான் பெரியவள் ஆனேன், அவள் சின்னவள் ஆனாள். அதற்குப் பிறகு எங்கள் பேரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. ரேஷன் கடையிலும் ஓட்டுப் போடுகிற இடத்திலும்தான் சொல்வார்கள். அங்கே ஒருத்தியைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்திருப்போம். அட்டை எழுத வந்தவர் பிறந்த தேதியையும் இருவருக்கும் ஒன்றாகவே போட்டுவிட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதே தேதிதான்.

இப்போது இரண்டு வீட்டுக்காரர்களும் இல்லை. குடவாசலுக்குப் பக்கத்தில் ஆறு மா நிலம், அதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு வீடு, ஒரு அடுப்பு, நாங்கள் இரண்டு பேர். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். சின்னவளின் மகள் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து போவாள்.

சின்னவளுக்கு இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. களத்தில் நெல் தூற்றும்போது கருக்காப் பதர் பட்டு, புண்ணாகி, வெள்ளை விழுந்துவிட்டது. வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் நாற்றுப் பறித்தாள், பிள்ளை வளர்த்தாள். அந்தக் கண்ணிலும் வயதானதும் புரை விழுந்தது. சம்பா அறுப்பு முடிந்தபோது உளுந்தில் கல் பொறுக்க முடியாமல் முறத்தை என் பக்கம் தள்ளினாள். பிறகு கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் என் குரல் வந்த பக்கம் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

மாசியில் குடவாசலில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். முகாமுக்கு வருகிறவர்களைப் பதிகிற பட்டியலைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்ததே எங்கள் பெண்தான். காசு வாங்காமல், லீவு நாளில் உட்கார்ந்து செய்தாள்.

மண்டபத்தில் கூட்டமான கூட்டம். சின்னவளைக் காத்தாடிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் வரிசையில் நின்றேன். பக்கத்து ஊர் அங்கன்வாடி டீச்சர் ஒருத்தர் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பேர் ஏற்றினார். என் கண்ணையும் பார்த்துவிடலாம் என்று முதலில் என் விவரத்தைச் சொன்னேன். பேர், தெரு, வீட்டு எண், பிறந்த தேதி.

"வீட்டுக்காரர் பேரு?"

நான் குனிந்துகொண்டேன். அவர் சிரித்தார். "சொல்ல மாட்டீங்க. விடுங்க, இது கட்டாயமில்ல. காலியா விட்டாலும் ஏத்துக்கும்."

எனக்கு ஒரு எண் போட்ட சீட்டுக் கொடுத்தார். அடுத்த மேசையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். முன்னூற்றுப் பத்து. எனக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோற்றை விடாமல்தான் தின்றேன். அதையும் அந்த எண்ணில் ஏற்றினார்கள். நான் திரும்பி வந்து, சின்னவளுக்காக மறுபடி வரிசையில் நின்றேன். முறை வந்ததும் பேரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், வீட்டு எண்ணைச் சொன்னேன். டீச்சர் தட்டியதும் திரையில் சிவப்பாக ஏதோ வந்தது.

"என்னம்மா, இப்பத்தானே இதச் சொன்னீங்க? திருப்பி அதையே சொல்றீங்க. ஏற்கனவே இருக்குன்னு சொல்லுது பாருங்க."

பின்னாலிருந்து ஒரு ஆள், "அம்மா ரெண்டு கண்ணாடியா வாங்கப் பாக்குது. ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு சந்தைக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

டீச்சர் எட்டி, காத்தாடிக்குக் கீழே இருந்த சின்னவளைப் பார்த்தார். "அவங்களுக்குப் பாக்கத்தானே வந்தீங்க? முன்னாடி சொன்னது அவங்க விவரந்தானே?"

இல்லை, நாங்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே பேர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அது வரவில்லை. வரிசை முழுக்க என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. நான் தலையாட்டிவிட்டேன்.

அதே எண்ணைப் போட்டு இன்னொரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை வைத்துச் சின்னவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை பார்க்கிற மேசையில், "இந்த நம்பருக்கு எடுத்தாச்சு, போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா முத்திடுச்சு. இருக்கறது இந்த ஒரு கண்ணுதான், தள்ளிப் போடாதீங்க" என்றார். இப்படியாக அந்தப் பட்டியலில் ஒரே வரியில் என் சர்க்கரையும் அவள் கண்ணும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டன. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. என் கண்ணை யாரும் பார்க்கவில்லை என்பதைக்கூட வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வண்டி வந்தது. சின்னவள் புதுச் சேலை கட்டி, தட்டு, டம்ளர், மாற்றுத்துணி எல்லாம் பையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். பட்டியல் வாசித்தவர் அவளை இறங்கச் சொன்னார்.

"உங்களுக்குச் சர்க்கரை கூட இருக்கும்மா. முன்னூத்திப் பத்து. இப்ப ஆபரேஷன் பண்ண முடியாது. மருந்து, சாப்பாடு எல்லாம் சரியா வச்சுக்கிட்டு வாங்க. அடுத்த மாசம் ஒரு வண்டி வரும். இந்த வருஷத்துக்கு அதான் கடைசி."

முன்னூற்றுப் பத்து என்று காதில் விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதும் வாய் வரவில்லை. சின்னவள் படியில் காலால் தடவித் தடவி இறங்கினாள். "எனக்கு எப்பக்கா சர்க்கரை வந்துச்சு?" என்று கேட்டாள். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலையிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை. சுற்றிலும் நெல் விளைகிற ஊர், பிறந்ததிலிருந்து மூன்று வேளையும் சோறு தின்றவள். தானே கேழ்வரகுக் களி கிண்டினாள். கண் தெரியாமல் அது கட்டி கட்டியாக வரும். பாகற்காயை அவித்து உப்பில்லாமல் தின்றாள். "அடுத்த வண்டிய விடக்கூடாதுக்கா. அதுக்குள்ள எறக்கிடறேன் பாரு" என்பாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் எட்டு நாளை ஓட்டினேன். எட்டாம் நாள் மத்தியானம் அவள் களியை விழுங்க முடியாமல் விழுங்கிக்கொண்டே, சோற்றுப் பானையைக் கையால் தேடி என் பக்கம் நகர்த்தினாள். "நீயாவது நல்லாத் தின்னுக்கா. எனக்காக நீ ஏன் வயித்தக் கட்டற?"

அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தின வாரம் வேலையால் வராத அவள் மகள் வந்து ஸ்கூட்டரை நிறுத்தும்போதே போய், நடந்ததைச் சொன்னேன். அவள் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மடிக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நோட்டில் கோடு போட்டதுபோல் கட்டம் கட்டமாக இருந்தது. ஆளுக்கு ஒரு வரி. பேருக்கு ஒரு பத்தி, தெருவுக்கு ஒரு பத்தி, கண்ணுக்கு ஒரு பத்தி என்று மேலிருந்து கீழே பத்திகள். எங்கள் வரியைக் காட்டினாள். ஒன்றே ஒன்று.

"ஒவ்வொரு பத்திக்கும் கட்டுப்பாடு போடலாம் பெரியம்மா. பேரு காலியா இருந்தா வாங்காது. கண்ணுங்கற பத்தில இடது, வலது, ரெண்டும், இந்த மூணத் தவிர வேற என்ன எழுதினாலும் வாங்காது. தெருன்னா, தெருப் பட்டியல்ல இருக்கற தெருவா இருக்கணும். அப்புறம், பேரும் தெருவும் வீட்டு நம்பரும் சேந்தாப்ல ஒரு தடவதான் வரலாம். ரெண்டாவது தடவ வந்தா தள்ளிடும்."

"ஏன் அப்படி வச்ச?"

"போன வருஷம் சீட்டத் தொலைச்சவங்கள்லாம் மறுபடி மறுபடி பதிஞ்சுட்டாங்க. ஒரே தாத்தாவுக்கு வண்டில மூணு எடம். அவரு ஒருத்தரு உக்காந்திருக்காரு, ரெண்டு எடம் காலியாப் போவுது, எடமில்லன்னு நாலு பேரத் திருப்பி அனுப்பினாங்க. அது நடக்கக் கூடாதுன்னுதான்."

திரையில் எங்கள் வரியை விரலால் தொட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒரே வீட்ல ஒரே பேருல ரெண்டு பேரு இருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் பெரியம்மா. நம்ம வீட்லயே இருக்கே! எனக்குத் தோணவே இல்ல. உங்க ரெண்டு பேரையும் நான் பேரா நெனச்சதே இல்ல. நீங்க பெரியம்மா, அவங்க அம்மா. எங்கம்மாவ நானே வெளில தள்ளிட்டேன்."

அவள் கண் கலங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. "தப்பு உன் கட்டத்துல இல்லடி. அது கேட்டுச்சு. நான்தான் தலையாட்டினேன்" என்றேன்.

இதைச் சொல்லும்போது சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

"அப்ப எனக்குச் சர்க்கரையே இல்லையா?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஒன்னத்தான் கேக்கறேன்."

"இல்ல. அது என்னோடது."

"ஒம்போது நாளா களி தின்னேனே! பாவக்கா தின்னேனே! பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தியே!" மூச்சு வாங்கினாள். நான் அழப் போகிறாள் என்று நினைத்தேன். "சோத்துப் பானை எங்க?" என்றாள். மகள் எழுந்து தட்டில் போட்டுக் கொடுத்தாள். சாம்பாரை ஊற்றிப் பிசைந்து அவள் தின்ற வேகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவள் தின்கிற நேரத்தில் நாங்கள் இருவரும் யோசித்தோம். கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டால் பழையபடி ஒரே ஆள் மூன்று தடவை ஏறிவிடுவார். பிறந்த தேதியைச் சேர்க்கலாம் என்றால், எங்களுக்கு அதுவும் ஒன்று. போன் நம்பர் என்றால், வீட்டுக்கு ஒரு போன்தான். ஆதார் நம்பரைக் கேட்க வேண்டாம் என்று முகாம்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"வீட்டுக்காரர் பேரக் கட்டாயம்னு வச்சா?" என்று நானே கேட்டேன். கேட்டுவிட்டு வெட்கமாகிவிட்டது.

"நீங்க யாரும் சொல்ல மாட்டீங்கன்னுதான் காலியா விடலாம்னு வச்சேன். கட்டாயம்னு வச்சா டீச்சர் ஒரு புள்ளிய வச்சு ஏத்திடுவாங்க. உங்களுக்கும் புள்ளி, அம்மாவுக்கும் புள்ளி. மறுபடி ஒரே ஆளுதான்."

சின்னவள் வாயில் சோற்றோடு சொன்னாள். "அவரு பேரக் கேட்டா எப்படிடி சொல்றது? எங்கப்பா பேரக் கேளு, நூறு தடவ சொல்றேன்." சொல்லிவிட்டு, அவள் அப்பா பேரை ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அந்தப் பேரை நான் அவள் கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி.

மகள் அம்மாவையே பார்த்தாள். "அதையே வச்சுடறேம்மா" என்றாள்.

பேர், தெரு, வீட்டு எண், அப்பா பேர், இந்த நாலும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று மாற்றப் போகிறாளாம். அதோடு அப்பா பேர் காலியாக இருக்கவே கூடாதாம். ஏன் என்று கேட்டேன். "காலியும் காலியும் ஒண்ணுதான்னு அது ஒத்துக்காது பெரியம்மா. அந்த எடத்தக் காலியா விட்டா அந்த வரிக்குக் கட்டுப்பாடு தூங்கின மாதிரிதான். ஒரே ஆளு எத்தன தடவ வேணாலும் உள்ள வந்துடலாம்" என்றாள். இன்னொரு சிக்கலும் சொன்னாள். ஏற்கெனவே பதிந்த வரிகளில் அப்பா பேர் இல்லை. அவற்றை எல்லாம் நிரப்பாமல் கட்டாயம் என்ற விதியைப் போட்டால் அது ஏற்றுக்கொள்ளாது. மற்ற ஊர்களுக்கு டீச்சர் போன் செய்து கேட்டுவிடுவார். எங்கள் ஊரில் மட்டும் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவள் அன்று சாயங்காலமே தஞ்சாவூர் போக வேண்டும்.

"நான் போய்க் கேக்கறேன்" என்றேன்.

"நீயா?" என்றாள் சின்னவள். அவளுக்கு வந்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. "அக்கா, நீ பால் வாங்கப் போனாலே பாத்திரத்த நீட்டிக்கிட்டு நிப்ப, வாயத் தொறக்க மாட்ட."

இருந்தாலும் போனேன். முதல் வீட்டு வாசலில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு பானை அரிசி வெந்திருக்கும். அந்த வீட்டு அம்மா வந்து, "என்னங்க, மோர் வேணுமா?" என்றார். "உங்கப்பா பேரு வேணும்" என்றேன். அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, யாரோ பெரிய மனிதரை உள்ளே அழைக்கிற மாதிரி அந்தப் பேரைச் சொன்னார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவைப் பற்றியும் சொன்னார். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் போகும்போது மகளைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டவராம்.

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான். புருஷன் பேருக்கு வாயைப் பொத்துகிற பொம்பளைகள், அப்பா பேருக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "எழுத்த ஒழுங்காப் போடுங்க, எங்கப்பாவுக்குக் கோவம் வந்துடும்" என்றாள். அவர் இறந்து முப்பது வருஷம். இன்னொருத்தி, "அப்பா யாருன்னு எனக்குத் தெரியாது, எங்கம்மாதான் களை பறிச்சு வளத்துச்சு. அது பேரப் போடக் கூடாதா?" என்று கேட்டாள். நான் போனில் கேட்டேன். எங்கள் பெண் அந்தப் பத்தியின் தலைப்பையே 'பெற்றவர் பேர்' என்று மாற்றிவிட்டாள். ஐந்து நாளில் நோட்டு நிறைந்தது. கடைசி நாள் நான் வாசலில் நிற்காமல் நேரே உள்ளேயே போய்க் கேட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்னவளுக்குச் சர்க்கரை பார்த்தோம். ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் எல்லாவற்றையும் ஏற்றி, கட்டுப்பாட்டைப் போட்டு, எங்களை இரண்டு வரியாகப் பிரித்தாள். சின்னவளின் கண் அவள் வரிக்குப் போனது. என் சர்க்கரை என்னிடமே நின்றது.

கடைசி வண்டி வந்த காலையில் டீச்சரும் வந்திருந்தார். பேரை வாசித்தார். பழக்கத்தில் நானும் ஓரடி முன்னால் வைத்தேன். பிறகு சின்னவளின் அப்பா பேரையும் வாசித்தார், நான் நின்றுகொண்டேன். சின்னவள் மட்டும் போனாள். டீச்சர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இவங்களத்தானே போன தடவ சர்க்கரைன்னு எறக்குனாங்க?" என்று சந்தேகப்பட்டார்.

"இல்லீங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "நாங்க ரெண்டு பேரு. சர்க்கரை எனக்கு. இவ சின்னவ, இவளுக்குக் கண்ணு மட்டுந்தான்."

வண்டிக்குள் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். சின்னவள் படியேறி உள்ளே உட்கார்ந்தாள், கதவைச் சாத்தினார்கள்.

மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி என்னைப் பார்த்தாள். என் குரலின் பக்கம் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தாள். "என்னக்கா இப்படி வத்திப் போயிருக்க? இத்தன நாளு சொல்லவே இல்ல?" என்றாள். மத்தியானம் என் தட்டில் இருந்த சோற்றில் பாதியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். "களி உனக்கு. இனிமே நான் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்." அன்றிலிருந்து தினமும் எதிரில் உட்கார்ந்து அந்த வலது கண்ணால் என் தட்டைக் கணக்காகப் பார்க்கிறாள். ஒரு கவளம் கூட ஏமாற்ற முடியவில்லை.

கம்ப்யூட்டர் விஷயம் எல்லாம் காதில் விழுந்ததை வைத்து எழுதியது. அப்பா பேரைக் கட்டாயமாக்கியது முதலா, நாலும் சேர்ந்து ஒரு தடவை என்ற கட்டுப்பாட்டைப் போட்டது முதலா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காலியும் காலியும் ஒன்றில்லை என்று எழுதியதும் சரிதானா என்று தெரியவில்லை. எங்கள் பெண்ணோ, இந்த வேலை தெரிந்த வேறு யாராவதோ, ஒரு தடவை படித்துப் பார்த்துத் தவறு இருந்தால் திருத்திவிடுங்கள்.